தமிழில் வந்த செய்தி விருது மேசைக்குப் போகும் வழி

ஹாங்காங்கில் இருக்கும் ஆசியப் பதிப்பாளர் சங்கத்தைச் செய்தி அறைகளில் சோப்பா என்றுதான் சொல்வார்கள். அது 1999 முதல் இதழியல் விருதுகள் கொடுத்து வருகிறது. ஆசியாவைப் பற்றி எழுதும் பெரிய நிறுவனங்கள் அனைத்தும் ஆண்டுதோறும் கண் வைக்கும் விருது அது. ஆங்கிலம், சீனம், இந்தோனேசிய மொழி போன்ற சில மொழிகளில் வந்த படைப்புகளுக்கு அங்கே இடம் உண்டு. தமிழுக்கு இல்லை.

சிங்கப்பூரில் தமிழ் அதிகாரத்துவ மொழி. 1935ல் தொடங்கிய தமிழ் முரசு இன்றும் நாள்தோறும் வருகிறது. தொலைக்காட்சியிலும் இணையத்திலும் தமிழ்ச் செய்தி உண்டு, ஒலி 96.8 வானொலி உண்டு. ஆனால் இங்கே தமிழில் செய்தி எழுதும் ஒருவர் வெளியுலக விருதுக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தால், படிவத்தின் முதல் பக்கத்திலேயே மொழிக் கட்டத்தில் சிக்கிக்கொள்வார். நல்ல செய்தி எழுதியும் பட்டியலில் ஏறாமல் போவதற்கு எழுத்தைவிட விண்ணப்பம்தான் பெரும்பாலும் காரணம். அதைக் கடைசி வாரத்தில் அவசரமாகத் தயாரிப்பது அதற்கும் மூல காரணம். ஆகவே இந்தப் பதிவு முழுக்க விண்ணப்பத்தைப் பற்றித்தான்.

எந்தக் கதவு திறந்திருக்கிறது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். விருதின் விதிகளில் மூன்று எல்லைகள் இருக்கும்: எந்த மொழி, எந்த நாட்டில் வெளியானது, எந்தத் தேதிக்குள் வெளியானது. எழுதியவரின் குடியுரிமையைப் பெரும்பாலான விருதுகள் பார்ப்பதே இல்லை. 1917ல் தொடங்கிய அமெரிக்காவின் புலிட்சர் விருது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் இதழியல் பிரிவுகளில் எழுதியவர் எந்த நாட்டவராகவும் இருக்கலாம். வெளியிட்டது அமெரிக்காவைச் சேர்ந்த செய்தி நிறுவனமாக இருக்க வேண்டும். ஆகவே சிங்கப்பூரில் உட்கார்ந்து அமெரிக்கச் செய்தி நிறுவனத்துக்கு எழுதுபவர் உள்ளே, தமிழ் நாளிதழில் எழுதுபவர் வெளியே. இந்தியாவின் ராம்நாத் கோயங்கா விருதுகளில் வட்டார மொழிப் பிரிவு உண்டு என்பதைப் பார்த்து இங்குள்ளவர்கள் ஆசைப்படுவது உண்டு. அது இந்திய இதழியலுக்கானது. மொழி ஒத்துப்போனாலும் நாடு ஒத்துப்போகாது.

சிங்கப்பூர்த் தமிழ்ச் செய்தியாளருக்கு உண்மையில் பொருந்தக்கூடியவை வேறு சில. தரவு இதழியலுக்கான சிக்மா விருதுகள் 2020ல் தொடங்கின. நுழைவுக் கட்டணம் இல்லை, சிறிய செய்தி அறைகளுக்கும் இடம் உண்டு. படைப்பு வேறு மொழியில் இருந்தாலும் விளக்கத்தை ஆங்கிலத்தில் எழுதினால் போதும். புகைப்படக்காரர்களுக்கு ஆம்ஸ்டர்டாமிலிருந்து நடத்தப்படும் உலகப் பத்திரிகைப் படப் போட்டி. 1955ல் தொடங்கியது, அதற்கும் கட்டணம் இல்லை. படத்துக்கு மொழி கிடையாது, குறிப்புரைக்குத்தான் ஆங்கிலம் வேண்டும். தொலைக்காட்சியில் வேலை செய்பவர்களுக்கு 1996 முதல் நடக்கும் ஆசியத் தொலைக்காட்சி விருதுகள். செய்தி, நடப்பு விவகார நிகழ்ச்சிகளுக்கு அங்கே தனிப் பிரிவுகள் உள்ளன. இணையத்தில் புதிய வடிவங்களை முயல்பவர்கள் உலகச் செய்தி வெளியீட்டாளர் சங்கமான வான்-இஃப்ராவின் ஆசிய மின்னிலக்க விருதுகளைப் பார்க்கலாம். அதன் ஆசிய அலுவலகமும் சிங்கப்பூரில்தான். சுற்றுச்சூழல் செய்திகளுக்குச் சிங்கப்பூர்ச் சுற்றுச்சூழல் மன்றம் ஆசிய அளவில் ஒரு விருதை நடத்தி வந்திருக்கிறது. ஆபத்தான சூழலில் வேலை செய்யும் ஆசிய உள்ளூர்ச் செய்தியாளர்களுக்கு ஏஎஃப்பி செய்தி நிறுவனம் தன் நிருபர் கேட் வெப் நினைவாக 3,000 யூரோ பரிசு கொடுக்கிறது. சிங்கப்பூர் எல்லைக்குள் மட்டும் எழுதுபவருக்கு அது பொருந்துவது அரிது. வெளியே போய்ச் செய்தி சேகரிக்கும், எந்த நிறுவனத்திலும் வேலையில் இல்லாத தனிப்பட்ட செய்தியாளர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

சோப்பாவை முழுக்க மறந்துவிடவும் வேண்டாம். தமிழில் தொடங்கிய புலனாய்வை அதே குழுமத்தின் ஆங்கில இதழோடு சேர்ந்து செய்து, இரண்டிலும் ஒரே நேரத்தில் வெளியிட்டால், ஆங்கிலப் பதிப்பின் பெயரில் அனுப்ப வழி இருக்கிறது. அதற்கு, தமிழ்ச் செய்தியாளரின் பெயர் ஆங்கிலக் கட்டுரையின் பைலைனிலேயே (எழுதியவர் பெயர் வரும் வரியிலேயே) இருந்தாக வேண்டும். கீழே சின்ன எழுத்தில் 'கூடுதல் தகவல்' என்று போட்டால் படிவத்தில் பெயர் ஏறாது. இதை வெளியிடும் நாளன்று பேசி முடிவு செய்ய வேண்டும். ஆறு மாதம் கழித்துப் பேசினால் அது மனக்கசப்பில்தான் முடியும்.

இன்னொரு வகை விருதும் மின்னஞ்சலில் வந்துகொண்டே இருக்கும். 'நீங்கள் தேர்வாகியிருக்கிறீர்கள், கோப்பைக்கும் விருந்து மேசைக்கும் இவ்வளவு கட்டுங்கள்' என்று வருவது. நடுவர்களின் பெயர் வெளியிடப்பட்டிருக்கிறதா, முந்தைய ஆண்டுகளின் வெற்றிப் படைப்புகளைத் திறந்து படிக்க முடிகிறதா, ஒரே பிரிவில் எத்தனை பேருக்குத் தங்கம் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இந்த மூன்றும் சரியில்லை என்றால் அது வணிகம். நிறுவனங்கள் தங்கள் துறையைப் பற்றி எழுதுவோருக்குக் கொடுக்கும் விருதுகள் வேறு ரகம். அவற்றில் தரமானவையும் உண்டு. ஆனால் நீங்கள் வழக்கமாகச் செய்தி எழுதும் துறையின் நிறுவனமே விருதும் கொடுத்தால், விண்ணப்பிக்குமுன் ஆசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பொங்கலுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் நடுவே

பெரும்பாலான விருதுகளின் கணக்கு ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை. படிவம் திறப்பது டிசம்பரிலோ ஜனவரியிலோ. மூடுவது ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில். இங்கே அந்தக் காலம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பொங்கல், தைப்பூசம், சீனப் புத்தாண்டு, நடுவில் வரவுசெலவுத் திட்டச் செய்திகள். கையெழுத்துப் போட வேண்டிய ஆசிரியர் விடுப்பில் இருப்பார். கடன் அட்டையில் கட்டணம் கட்ட வேண்டிய கணக்குப் பிரிவு விலைச்சீட்டை (இன்வாய்ஸ்) கேட்டு உட்கார்ந்திருக்கும், விருது நடத்துபவர்களோ பணம் கட்டிய பிறகுதான் விலைச்சீட்டே அனுப்புவார்கள். இந்த ஒரு முடிச்சில் மட்டும் எத்தனை விண்ணப்பங்கள் நின்றுபோகின்றன தெரியுமா! கட்டணம் உள்ள விருதுகளுக்குத் தொகையை நவம்பரிலேயே கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

கணக்கில் வருவது வெளியான தேதி. தகவல் சேகரித்த தேதியை யாரும் பார்ப்பதில்லை. ஐந்து பகுதித் தொடரில் இரண்டு டிசம்பரிலும் மூன்று ஜனவரியிலும் வந்தால் தொடர் இரண்டாகப் பிளக்கும். சில விருதுகள் பாதிக்கு மேல் வந்த ஆண்டில் சேர்க்க விடும், சில விடாது. டிசம்பர் கடைசியில் பெரிய தொடரைத் தொடங்க நினைக்கும் ஆசிரியரிடம் இதை ஒருமுறை சொல்லிவையுங்கள். அதற்காகச் செய்தியைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை, தெரிந்து முடிவெடுக்கட்டும் என்றுதான்.

கெடு நேரத்தையும் நம் நேரத்துக்கு மாற்றி எழுதி வையுங்கள். ஹாங்காங்குக்கும் நமக்கும் ஒரே நேரம், சிக்கல் இல்லை. நியூயார்க்கில் ஜனவரி இரவு 11.59 என்றால் இங்கே மறுநாள் பகல் 12.59. ஆம்ஸ்டர்டாமில் குளிர்காலத்து நண்பகல் 12 என்றால் இங்கே அன்றிரவு 7 மணி. முதலாவது நமக்கு அரை நாள் கூடுதலாகத் தருகிறது, இரண்டாவது அப்படி ஒன்றும் தருவதில்லை. நியூயார்க் கணக்கைப் பழகியவர்கள் 'இன்னும் நேரம் இருக்கிறது' என்று ஐரோப்பிய விருதைக் கோட்டைவிடுவது இப்படித்தான். கோடை நேரம் தொடங்கிவிட்டால் இரண்டிலும் ஒரு மணி நேரம் மாறும்.

பிரிவைத் தேர்ந்தெடுப்பது

ஒரே கட்டுரை புலனாய்வாகவும் விளக்கச் செய்தியாகவும் மனிதக் கதையாகவும் தோன்றும். அதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. கட்டுரை செய்த வேலையை ஒரு வினைச்சொல்லில் சொல்லிப் பாருங்கள். மறைத்ததை வெளிக்கொண்டுவந்தது என்றால் புலனாய்வு. எல்லாருக்கும் தெரிந்தும் புரியாமல் இருந்ததைப் புரியவைத்தது என்றால் விளக்கச் செய்தி. ஒருவரோடு கூடவே இருந்து காட்டியது என்றால் நெடுங்கட்டுரை. 'மறைத்தது யார்?' என்ற கேள்விக்கு விடையில்லாத கட்டுரையைப் புலனாய்வில் போட்டால் முதல் சுற்றிலேயே போய்விடும். அதே கட்டுரை விளக்கப் பிரிவில் மேலே வந்திருக்கக்கூடும். புலனாய்வு என்ற சொல்லுக்கு நம்மிடையே கொஞ்சம் அதிக மவுசு இருக்கிறது, அதனால் நேரும் தவறு இது.

முந்தைய மூன்று ஆண்டு வெற்றிப் படைப்புகளை அந்தந்தப் பிரிவில் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். பிரிவின் பெயரை நம்புவதைவிட அது எவ்வளவோ மேல். ஒரே படைப்பை இரண்டு பிரிவில் போடலாமா என்பது விருதுக்கு விருது மாறும். போட முடிந்தாலும், இரண்டுக்கும் ஒரே சுருக்க உரையை ஒட்டினால் நடுவருக்கு அது சோம்பலாகத்தான் தெரியும்.

சுருக்க உரை

நடுவர் முதலில் படிப்பது சுருக்க உரையை. பல படைப்புகளில் கடைசியாகப் படிப்பதும் அதைத்தான். சொல் வரம்பா எழுத்து வரம்பா என்று முதலில் பாருங்கள். எழுத்து வரம்பு என்றால் இடைவெளியும் கணக்கில் வரலாம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கற்பனைத் தொடரை வைத்துக்கொள்வோம்: வெளிநாட்டு ஊழியர்கள் ஏஜண்டுகளுக்குக் கட்டும் பணம். நம்மில் பலர் எழுதும் சுருக்க உரை இப்படி இருக்கும்: 'சிங்கப்பூரைக் கட்டியெழுப்பும் வெளிநாட்டு ஊழியர்கள் பல இன்னல்களுக்கு ஆளாகின்றனர். அவர்களின் கண்ணீர்க் கதையை எங்கள் நிருபர் உருக்கமாகப் பதிவு செய்துள்ளார்.' இதில் ஒரு தகவல்கூட இல்லை. உருக்கமா இல்லையா என்பதை நடுவர் பார்த்துக்கொள்வார்.

இப்படி எழுதலாம்: 'சிங்கப்பூர்ச் சட்டப்படி இங்குள்ள வேலைவாய்ப்பு முகவர் ஓர் ஊழியரிடம் ஒப்பந்தத்தின் ஓராண்டுக்கு ஒரு மாதச் சம்பளம், மொத்தத்தில் அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் வாங்கலாம். ஊரில் இருக்கும் முகவருக்கு ஊரில் கட்டும் பணம் இந்த வரம்புக்குள் வராது. அந்த இடைவெளியில் பணம் எந்தக் கைகளுக்குப் போகிறது என்பதை ரசீதுகள், வங்கிப் பதிவுகள், ஊழியர்களின் நேர்காணல்கள் வழியாக மூன்று கட்டுரைகளில் காட்டினோம்.' அடுத்த வரியில் எத்தனை ரசீது, எத்தனை பேர், எத்தனை மாத வேலை என்று எண்களைச் சொல்லுங்கள். அதன் பிறகு எது தடையாக இருந்தது, அதை எப்படித் தாண்டினீர்கள் என்று இரண்டு வரி.

வெளியூர் நடுவருக்கு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) என்றால் என்ன, மசே நிதி (மத்திய சேம நிதி) என்றால் என்ன என்று தெரியாது. வெளிநாட்டு ஊழியர்கள் வசிக்கும் தங்குவிடுதியைச் சுற்றுலா விடுதி என்று நினைத்துக்கொள்வார். மக்கள்தொகையில் பெரும்பாலோர் அரசு கட்டிய வீடுகளில் வசிக்கும் ஊர் இது என்ற ஒரு வரி இல்லாமல், வீட்டு ஒதுக்கீட்டுக் கொள்கை பற்றிய கட்டுரை அவருக்குப் புரியவே புரியாது. அந்தப் பின்னணியைச் சுருக்க உரையில் வைக்க வேண்டும். ஏனென்றால் நம் வாசகருக்காக எழுதிய மூலக் கட்டுரையில் அது இருக்காது, இருக்கவும் கூடாது.

'தாக்கம்' என்ற கட்டம் தனியாக இருக்கும். அங்கேதான் பொய்யும் நுழையும். உங்கள் கட்டுரை 3ஆம் தேதி வந்தது, 10ஆம் தேதி நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது என்றால், அதை அப்படியே தேதியோடு எழுதி, நாடாளுமன்ற அறிக்கையின் லிங்க்கைக் கொடுங்கள். 'எங்கள் செய்தியால் சட்டம் மாறியது' என்று எழுத, அப்படிச் சொன்ன அமைச்சரோ ஆவணமோ வேண்டும். பேஸ்புக்கில் எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்பதைத் தாக்கமாகக் காட்டுவது, வேறு எதுவும் இல்லை என்று ஒப்புக்கொள்வது போலத்தான். தாக்கம் இல்லையென்றால் அந்தக் கட்டத்தில் இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்ளலாம். பிரிவு நெடுங்கட்டுரை என்றால் அது பெரிதாகப் பாதிக்காது.

மொழிபெயர்ப்பில் கவிழும் வண்டி

அதிக நேரம் ஒதுக்க வேண்டிய இடம் இது. கடைசி மூன்று நாளில் இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டுத் தட்டிக்கொட்டி அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்குச் சில மாதிரிகள்.

நம் ஊர்த் தமிழில் '500 வெள்ளி' என்றால் 500 டாலர். இயந்திரத்துக்கு அது உலோகமாகவோ வெள்ளிக்கிழமையாகவோ தெரியக்கூடும். 'அவர்' என்ற மரியாதைச் சொல்லுக்கு ஆண், பெண் பேதம் கிடையாது. இயந்திரம் பெரும்பாலும் ஆணாக்கிவிடும். ஒரு தாதியைப் பற்றிய கட்டுரையில் முதல் பத்தியில் ஆணாகவும் மூன்றாவதில் பெண்ணாகவும் வந்தால் நடுவர் இரண்டு பேர் என்று நினைத்துக்கொள்வார். 'அண்ணன்' என்று ஊழியர் தன் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டால் உடன்பிறந்தவர் ஆகிவிடுவார், கட்டுரையின் பொருளே மாறும். 'நேற்று', 'இம்மாதம்' என்பவை நாளிதழில் சரி, பத்து மாதம் கழித்துப் படிப்பவருக்குத் தேதி வேண்டும். மொழிபெயர்ப்பில் சதுர அடைப்புக்குள் தேதியைக் காட்டலாம்.

சொல் எண்ணிக்கை இன்னொரு பொறி. 'வந்துகொண்டிருந்தவர்களுக்கும்' என்பது தமிழில் ஒரே சொல். ஆங்கிலத்தில் ஆறேழு சொல் ஆகும். தமிழில் வரம்புக்குள் இருந்த கட்டுரை ஆங்கிலத்தில் வரம்பைத் தாண்டும். வரம்பு மூலத்துக்கா மொழிபெயர்ப்புக்கா என்று விதியில் தெளிவாக இல்லையென்றால் நடத்துபவர்களுக்கு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள், பதிலைப் பத்திரப்படுத்துங்கள். மொழிபெயர்க்கும்போது நீங்களாகப் பத்திகளை வெட்டிச் சுருக்கக் கூடாது. வெளியானதைத்தான் அனுப்புகிறீர்கள். அதே காரணத்துக்காக அழகுபடுத்தவும் கூடாது. தமிழில் தட்டையாக இருந்த முடிவு ஆங்கிலத்தில் ஒளிர்ந்தால், தமிழ் தெரிந்த ஒருவரிடம் நடுவர் குழு கேட்கும் நாளில் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

மேற்கோள்களில்தான் நுட்பமான தவறு நடக்கிறது. அமைச்சர் நாடாளுமன்றத்தில் ஆங்கிலத்தில் பேசினார். நீங்கள் தமிழில் எழுதினீர்கள். இப்போது விருதுக்காக அந்தத் தமிழை மறுபடி ஆங்கிலமாக்குகிறீர்கள். மேற்கோள் குறிக்குள் அவர் சொல்லாத சொற்கள் அவர் பெயரில் நிற்கும். நாடாளுமன்றப் பேச்சு என்றால் அதிகாரபூர்வ அறிக்கையிலிருந்து அவர் சொன்ன வாக்கியத்தையே எடுத்துப் போடுங்கள். நேர்காணல் ஆங்கிலத்தில் நடந்திருந்தால் ஒலிப்பதிவைக் கேட்டு மூலச் சொற்களைப் போடுங்கள். அடிக்குறிப்பில் 'நேர்காணல் ஆங்கிலத்தில் நடந்தது. இங்குள்ளவை அவர் சொன்ன சொற்களே' என்று ஒரு வரி. ஒலிப்பதிவைச் செய்தி வந்த கையோடு அழித்துவிடும் வழக்கம் இருந்தால், இதற்காகவாவது ஓராண்டு வைத்திருங்கள். ஒலிப்பதிவைக் கேட்கும்போது தமிழ் மேற்கோள் மூலத்திலிருந்து விலகியிருப்பது தெரியவந்தால், முதலில் ஆசிரியரிடம் போக வேண்டியிருக்கும். விருது அப்புறம்.

வேலையை இப்படிப் பிரிக்கலாம். எழுதியவரே முதல் வரைவைச் செய்யட்டும், தகவல் தவறாது. தமிழ்க் கட்டுரையைப் படிக்காத, ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒருவர் அதைத் தனியாகப் படித்துப் புரியாத இடங்களைக் குறிக்கட்டும். பிறகு இரு மொழியும் தெரிந்த மூன்றாமவர் பத்திக்குப் பத்தி ஒப்பிடட்டும். பத்திகளுக்கு எண் போட்டு, தமிழையும் ஆங்கிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இந்தக் கடைசி வேலை பாதி நேரத்தில் முடியும். தலைப்பு, படக் குறிப்பு, வரைபடத்தில் இருக்கும் எழுத்து எல்லாவற்றையும் மொழிபெயர்க்க வேண்டும். வரைபடம்தான் அடிக்கடி விடுபடுவது. தரவுக் கட்டுரையின் உயிரே அதில் இருக்கும். இயந்திர மொழிபெயர்ப்பைத் தொடக்கமாகப் பயன்படுத்தினால் படிவத்தில் சொல்லிவிடுங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தியதைத் தெரிவிக்கும்படி புலிட்சர் 2024 விருதுகளிலிருந்தே கேட்கிறது. மற்ற விருதுகளும் அந்தக் கேள்வியைச் சேர்த்துக்கொண்டு வருகின்றன.

தொலைக்காட்சிக்கு ஆங்கிலத் துணைவரிகள் வேண்டும். நம் செய்திகளில் திரையின் கீழ்ப்பகுதியில் பேசுபவரின் பெயர்ப் பட்டை தமிழில் வரும். துணைவரியும் அங்கேயே வந்தால் இரண்டும் படிக்க முடியாது. ஒளிபரப்பான பட்டையை நீக்க முடியாது என்பதால், அந்த நொடிகளில் துணைவரியை மேலே தூக்குங்கள். இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், ஒரு வரி 40 எழுத்து அளவில் நிற்கட்டும். வானொலிக்கு நேரக் குறியோடு எழுத்து வடிவம் போதும்.

கோப்புகள், லிங்க்குகள்

செய்தி வெளியான அன்று பத்து நிமிடம் செலவழித்தால் ஜனவரியில் இரண்டு நாள் மிச்சமாகும். முழுப் பக்கத்தின் பிடிஎஃப், அதில் இதழின் பெயரும் தேதியும் தெரிய வேண்டும். வெட்டிய கட்டுரை மட்டும் இருந்தால் பல விருதுகள் ஏற்காது. இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் உங்கள் பக்கத்தின் ஒரு பிரதியை எடுத்து வையுங்கள். இணையத்தளம் புதுப்பிக்கப்படும்போது பழைய லிங்க் செத்துப்போவது வழக்கம், அது நடுவர் திறக்கும் வாரத்தில்தான் நடக்கும் என்பது ஒரு தனி விதி போலும். கட்டணச் சுவருக்குப் பின்னால் இருக்கும் கட்டுரைக்கு நடுவருக்கான கடவுச்சொல்லோ பிடிஎஃபோ கொடுக்க வேண்டும். உங்கள் கணினியில் லிங்க் திறப்பதை நம்ப வேண்டாம், நீங்கள் உள்நுழைந்திருப்பீர்கள். வேறொருவர் கைப்பேசியில் திறந்து பாருங்கள்.

கட்டுரையின் எழுத்தை யூனிகோடில் தனிக் கோப்பாகவும் வைத்திருங்கள். பக்க வடிவமைப்பில் பழைய எழுத்துரு பயன்பட்டிருந்தால், பிடிஎஃபிலிருந்து நகலெடுக்கும்போது தமிழ் வராது. உடைந்த ஆங்கிலக் குறிகள் வரும். அப்புறம் முழுக்க மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியதுதான்.

படங்களுக்கு இன்னும் கறாரான கணக்கு. உலகப் பத்திரிகைப் படப் போட்டியில் இறுதிச் சுற்றுகளுக்கு வரும் படங்களுக்கு கேமராவிலிருந்து வந்த மூலக் கோப்பைக் கேட்பார்கள். ஜேபெக்காக மட்டும் எடுத்திருந்தால் அந்தப் படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் கேட்பார்கள். 2015ல் கடைசிக்கு முந்தைய சுற்றை எட்டிய படங்களில் 20 விழுக்காடு, திருத்தப்பட்டவை என்று நீக்கப்பட்டன. அதே ஆண்டில் ஒரு பெல்ஜிய நகரத்தைப் பற்றிய தொடருக்குக் கொடுத்த பரிசும் திரும்பப் பெறப்பட்டது. அதிலிருந்த ஒரு படம் வேறு நகரத்தில் எடுக்கப்பட்டது என்பது காரணம். படம் எடுத்தவுடன் நல்லதை வைத்துக்கொண்டு மற்றதை அழிப்பவர்கள் கவனிக்க. லிட்டில் இந்தியாவில் தீபாவளிக் கூட்டத்தை எடுத்த 300 படங்களில் 299 போய்விட்டால் மீதமுள்ள ஒன்றுக்குச் சாட்சி இல்லை.

தனிப்பட்ட செய்தியாளர்களுக்கு உரிமைக் கேள்வி வரும். சிங்கப்பூரின் 2021 பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியர் வேலையின் பகுதியாக எழுதியது முதலாளிக்கு உரியது, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை. வெளியிலிருந்து எழுதுபவரின், படம் எடுப்பவரின் படைப்பு, ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாதவரை அவருக்கே உரியது. படைத்தவர் தன் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமையையும் அந்தச் சட்டம் கொண்டுவந்தது. ஒப்பந்தத்தில் உரிமையை எழுதிக்கொடுத்திருந்தால், விண்ணப்பிக்கும் முன் வெளியீட்டாளரின் ஒப்புதல் கடிதம் வேண்டும். விருது நடத்துபவர்கள் படைப்பை மறுபதிப்புச் செய்யும் அனுமதியையும் அதே படிவத்தில் கேட்பார்கள், சின்ன எழுத்தில்.

சரிபார்ப்பும் மறைப்பும்

கட்டுரைக்குத் திருத்தம் வெளியிட்டிருந்தால் அதை இணைத்து அனுப்புங்கள். படைப்பின் உண்மைத்தன்மை பற்றிக் கடுமையான ஆட்சேபம் வந்திருந்தால் அதையும், அதற்கு நீங்கள் கொடுத்த பதிலையும் புலிட்சர் விதிகள் கேட்கின்றன. சேர்த்து அனுப்பினால் பெரும்பாலும் பாதகம் வராது. மறைத்தது பின்னால் தெரிந்தால் விருது போகும், பெயரும் போகும்.

1981ல் வாஷிங்டன் போஸ்ட்டின் ஜேனட் குக் புலிட்சர் வாங்கினார். எட்டு வயதுச் சிறுவன் ஹெராயினுக்கு அடிமையான கதை. விருது அறிவித்த சில நாட்களில் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது, அப்படி ஒரு சிறுவனே இல்லை. பிடிபட்டது எப்படி என்பதுதான் விண்ணப்பிப்பவர்களுக்குப் பாடம். அவர் கொடுத்த தன்விவரத்தில் இல்லாத படிப்பும் பட்டமும் இருந்தன. அவர் முன்பு வேலை செய்த இதழின் ஆசிரியர்கள் அதைக் கவனித்துக் கேட்டார்கள், அந்த நூலைப் பிடித்து இழுத்ததும் கதையும் அவிழ்ந்தது. 2018ல் ஜெர்மனியின் டெர் ஷ்பீகல் இதழில் கிளாஸ் ரெலோட்டியஸ் பல கட்டுரைகளைப் புனைந்தது வெளியானபோதும், அவர் அதற்குள் விருதுகளை அடுக்கியிருந்தார். நடுவர் குழுவால் எல்லாவற்றையும் சரிபார்க்க முடியாது. ஆகவே அனுப்பும் முன் தன்விவரத்தில் இருக்கும் ஆண்டுகளையும் பட்டங்களையும்கூட ஒருமுறை சரிபாருங்கள்.

நம் ஊரில் இன்னொரு கவலையும் உண்டு. பெயர் மாற்றி எழுதிய ஊழியரின் உண்மைப் பெயர், தங்குவிடுதி, நிறுவனம் எல்லாம் சுருக்க உரையில் நழுவிவிடும், 'நடுவர்தானே படிக்கிறார்' என்று. அந்தக் கோப்பு பல நாடுகளில் பல கணினிகளில் திறக்கப்படும். வேலை அனுமதி முதலாளியின் கையில் இருக்கும் ஒருவருக்கு அது சின்ன விஷயம் கிடையாது. இணைக்கும் ரசீதுகளில் பெயரையும் எண்ணையும் கறுப்பு மையால் மூடிவிட்டு, அந்தப் பக்கத்தைப் படமாக மாற்றிச் சேமியுங்கள். பிடிஎஃபில் கறுப்புக் கட்டம் மட்டும் போட்டால் அடியில் இருக்கும் எழுத்தை நகலெடுத்துவிடலாம். படைப்பு இறுதிப் பட்டியலுக்கு வந்தால் கட்டுரை மறுபடி பரவும் என்பதையும் அந்த ஊழியரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

குழு வேலையில் பெயர்கள் பற்றியும் ஒரு வார்த்தை. பல படிவங்களில் பெயர்களுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. தாண்டினால் 'குழு' என்று போடச் சொல்வார்கள். வரைகலை செய்தவரும் மொழிபெயர்த்தவரும் அப்போதுதான் கழன்று விழுவார்கள். யார் பெயர் போகும் என்பதை ஆசிரியர் முடிவு செய்து எல்லாருக்கும் மின்னஞ்சலில் தெரிவித்த பிறகு அனுப்புங்கள்.

படிவத்தின் 'குடும்பப் பெயர்' கட்டம் நம்மவர்களுக்கு எப்போதும் தொல்லை. குடும்பப் பெயர் இல்லாதவர்கள் அப்பா பெயரை அங்கே போட்டால், மேடையில் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள், சான்றிதழிலும் அவரே முன்னால் நிற்பார். அடையாள அட்டையில் உள்ள 'மகன்', 'மகள்' என்பதற்கான எழுத்துகளை (S/O, D/O) சேர்த்தால் சாய்கோடு ஏற்காமல் படிவமே நின்றுவிடும். பைலைனில் வரும் பெயரை இரண்டாகப் பிரித்துப் போடுங்கள், ஒற்றைப் பெயர் என்றால் இரண்டு கட்டத்திலும் அதையே போட்டுவிட்டு, சான்றிதழில் எப்படி அச்சாக வேண்டும் என்பதைக் குறிப்புப் பெட்டியில் எழுதுங்கள். பெயரில் ஒரு ழ இருந்தால், அதற்குப் போடும் ஆங்கில எழுத்துகள் பைலைனிலும் படிவத்திலும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று அனுப்புவதற்கு முன் ஒருமுறை பாருங்கள்.